பதினாறாவது நாள்: வேலையில அடிபட்டு வீட்ல கிடக்கும்போது வரவேண்டிய பணம்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு போன் காலில் இருந்து ஆரம்பிக்குது.

போன புரட்டாசி. நான் சென்னையில ஆபீஸ்ல இருக்கேன். ஓட்டப்பிடாரம் பக்கத்துல இருந்து சித்தப்பா கூப்பிடுறார். அவருக்கு கோவில்பட்டி பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல மெஷின் வேலை. எங்க ஊர்ப் பக்கம் தீப்பெட்டி ஃபேக்டரியை ‘ஆபீஸ்’னுதான் சொல்வோம், ஏசி ரூமைக் கற்பனை பண்ணிக்காதீங்க. வலது கை பெல்ட்ல சிக்கியிருக்கு. ரெண்டு விரல்ல எலும்பு முறிவு, உள்ளங்கையில தையல்.

“கை எப்படி இருக்கு சித்தப்பா?”ன்னு கேட்டேன்.

“அது கெடக்குலே. ஆஸ்பத்திரில, வீட்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லியிருக்கேன். அப்படித்தான் சொல்லச் சொன்னாவ. பில்லை அவங்களே கட்டிட்டாவ. மிச்சத்தைப் பாத்துக்கிடுதோம்னு சொல்லியிருக்காவ.”

பரவால்ல, நல்ல மனுஷங்கன்னு நினைச்சு போனை வெச்சுட்டேன். அந்த ஒரு பொய்யோட விலை என்னன்னு அப்போ எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

முதல் வாரம் 5,000 ரூபாய் கையில கொடுத்தாங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் வரலை. சித்தப்பா வீட்ல கிடந்தது நாலு மாசம். புரட்டாசின்னா எங்க கரிசக்காட்டுல விதைப்பு நேரம். உளுந்து, பாசி, மக்காச்சோளம் எல்லாம் மானாவாரி, வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். விதைக்கு, உழவுக்கு, வீட்டுச் செலவுக்குன்னு சித்தி அஞ்சு வட்டிக்கு 30,000 வாங்கினாங்க. அஞ்சு வட்டின்னா நூத்துக்கு மாசம் அஞ்சு ரூபாய். வட்டி மட்டுமே மாசம் 1,500.

இந்த எபிசோட்ல நான் சொல்ல வர்ற விஷயம் ஒண்ணுதான்: அந்தக் கடன் வாங்கியிருக்கவே தேவையில்லை. அந்த நாலு மாசத்துக்கும் பணம் வர நம்ம நாட்டுல சட்டம் இருக்கு. அதுவும் நூறு வருஷமா இருக்கு.

நம்ம தலைக்குள்ள இருக்கிற ‘இழப்பீடு’

‘இழப்பீடு’ன்னு சொன்ன உடனே உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? எனக்கு நியூஸ் சேனல்ல கீழ ஓடுற வரிதான் ஞாபகம் வரும். ஆலையில வெடிவிபத்து, இறந்தவர் குடும்பத்துக்கு இத்தனை லட்சம். அதாவது பெரிய விபத்து, மரணம், கடைசியில ஒரே மொத்தமா ஒரு தொகை.

ஆனா வேலையில அடிபடுறவங்க எல்லாரும் சாகிறதில்ல. கை முறியும், கால் வெந்துபோகும், முதுகு பிடிச்சுக்கும். ரெண்டு மாசமோ நாலு மாசமோ வீட்ல கிடந்துட்டுத் திரும்பவும் வேலைக்குப் போவாங்க. அந்த இடைப்பட்ட காலத்துல அரிசி எங்க இருந்து வரும்? பிள்ளைக்கு ஃபீஸ் யார் கட்டுவா? இந்தக் கேள்விக்கு சட்டத்துல தனியா ஒரு பதில் இருக்கு. அது மொத்தத் தொகை கிடையாது. தவணை தவணையா, நீங்க படுத்திருக்கும்போதே வர்ற பணம்.

இதுல ரெண்டு பாதை இருக்கு. நீங்க எதுல இருக்கீங்கன்னு முதல்ல தெரியணும்.

பாதை ஒண்ணு: ஈ.எஸ்.ஐ.

பொதுவா 10 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கிற இடம், மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும். இந்த ரெண்டும் பொருந்தினா நீங்க ஈ.எஸ்.ஐ.க்குள்ள வர்றீங்க. சம்பளத்துல 0.75 சதவீதம் உங்ககிட்ட பிடிப்பாங்க, 3.25 சதவீதம் முதலாளி கட்டணும். 1948-ல சட்டம் வந்தது, 1952 பிப்ரவரியில கான்பூர், டெல்லி ரெண்டு ஊர்ல முதல்ல ஆரம்பிச்சது.

ஈ.எஸ்.ஐ.ன்னா மாத்திரை வாங்க கியூல நிக்கிற இடம்னுதான் நம்மில் பலருக்குத் தெரியும். அதுல ‘தற்காலிக ஊனப் பலன்’னு ஒண்ணு இருக்கு. வேலையில அடிபட்டு வேலைக்குப் போக முடியாம இருந்தா, உங்க சராசரி நாள் கூலியில 90 சதவீதம். விபத்து நடந்த நாளை விட்டுட்டு, குறைஞ்சது 3 நாளாவது வேலைக்குப் போக முடியாம இருக்கணும். அவ்வளவுதான் நிபந்தனை. இத்தனை மாசம் சந்தா கட்டியிருக்கணும்ங்கிற கணக்கு இதுக்குக் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. எத்தனை நாள் வரைக்கும்? தற்காலிக ஊனம் நீடிக்குதுன்னு டாக்டர் சான்றிதழ் கொடுக்கிற வரைக்கும்.

கணக்குப் போடலாம். சுலபத்துக்கு நாள் கூலி 400-னு வெச்சுக்குங்க. 90 சதவீதம்னா 360. நாலு மாசம், 120 நாள். மொத்தம் 43,200 ரூபாய். சித்தி வட்டிக்கு வாங்கினது 30,000.

இன்னொரு விஷயம். இந்தப் பலனை வாங்கிட்டு லீவுல இருக்கிற காலத்துல உங்களை வேலையை விட்டு நீக்கக் கூடாதுன்னும் ஈ.எஸ்.ஐ. சட்டத்துல எழுதியிருக்கு.

பாதை ரெண்டு: முதலாளியே கொடுக்கணும்

ஈ.எஸ்.ஐ.க்குள்ள வராதவங்களுக்கு வேற சட்டம். அஞ்சு பேர் வேலை பார்க்கிற சின்னப் பட்டறை, லாரி டிரைவர், கட்டட வேலைன்னு ஒரு பட்டியலே இருக்கு. 1923-ல நிறைவேறி 1924 ஜூலை 1-ல அமலுக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். இங்க பணம் கொடுக்க வேண்டியது முதலாளி.

இதுல ‘அரைமாதத் தொகை’ன்னு ஒரு ஏற்பாடு. மாசக் கூலியில 25 சதவீதம். இந்த இடத்துல நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. மாசத்துக்கு 25 சதவீதம் இல்ல, ஒவ்வொரு அரைமாதத்துக்கும் 25 சதவீதம். அப்போ மாசத்துக்கு பாதிக் கூலி. 12,000 சம்பளம்னா 3,000, 3,000-னு ரெண்டு தடவை. அதிகபட்சம் 5 வருஷம் வரைக்கும்.

ஏன் பாதி? இது பிரிட்டிஷ்காரங்க கணக்கு. அவங்க 1897-ல கொண்டுவந்த சட்டத்துல, அடிபட்டவருக்கு வாராவாரம் கூலியில பாதி வரைக்கும்னு வெச்சிருந்தாங்க. வாரக் கூலி அங்க வழக்கம். இங்க வந்தப்போ வாரம் அரைமாதமா மாறிச்சு, பாதிங்கிறது அப்படியே தங்கிருச்சு.

முதல் தவணை எப்போ? அடிபட்டதால 28 நாள் அல்லது அதுக்கு மேல வேலைக்குப் போக முடியலைன்னா, 16-வது நாள். நம்ம ஊர்ல பதினாறாம் நாள்னா வேற அர்த்தம், வாழை இலை போட்டு கறிக்குழம்பு வைக்கிற நாள். சட்டத்துல அது உயிரோட இருக்கிற ஆளுக்கு முதல் பணம் வர்ற நாள். இதை ஞாபகம் வெச்சுக்க இதைவிட சுலபமான வழி எனக்குத் தெரியலை. 28 நாளுக்குக் குறைவான காயம்னா, முதல் 3 நாளை காத்திருப்புக் காலமாக் கழிச்சுட்டுக் கணக்கு.

குறையும் இருக்கு, மறைக்க வேணாம். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கணக்குக்கு எடுத்துக்கிற மாசக் கூலிக்கு உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரியில அதை 8,000-ல இருந்து 15,000 ஆக்கினாங்க. அதனால 30,000 சம்பளம் வாங்குற டிரைவருக்கும் அரைமாதத்துக்கு 3,750-தான். கோடிங் தெரிஞ்சவங்களுக்குச் சொல்றேன்: யாரோ ஒரு நம்பரை ஹார்ட்கோட் பண்ணிட்டு வருஷக்கணக்குல அப்டேட் பண்ணாம விட்ட மாதிரி.

2025 நவம்பர் 21-ல இருந்து புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கு. பழைய ரெண்டு சட்டமும் இப்போ அதுக்குள்ள போயிருச்சு. அரைமாதத் தொகை, 25 சதவீதம், இந்த அமைப்பு அதுலயும் தொடருது. வேலைக்குப் போற வழியிலயும் திரும்பி வர்ற வழியிலயும் நடக்கிற விபத்தும், வேலையோட தொடர்பு இருந்தா, வேலை விபத்தா எடுத்துக்கப்படும்னு அதுல தெளிவா எழுதியிருக்காங்க.

“எங்க பொறுப்பு இல்லை”ன்னு சொன்னா?

பெரும்பாலும் இங்கதான் எல்லாம் நின்னுபோகுது. தொழிலாளி 20,000 கேட்பார், முதலாளி 8,000-தான் ஆகும்பார். பேசி முடியட்டும்னு இழுத்துக்கிட்டே போவாங்க. அதுக்குள்ள அடிபட்டவர் குணமாகி வேலைக்கே வந்துருவார், அப்புறம் யார் கேட்பா?

இதைச் சட்டம் முன்னாடியே யோசிச்சிருக்கு. மொத்தத் தொகையில தகராறு இருந்தாலும், எவ்வளவை முதலாளி ஒத்துக்கிறாரோ அவ்வளவை உடனே இடைக்காலமாக் கொடுத்தே ஆகணும். 8,000-னு சொன்னா அந்த 8,000-ஐ இப்போ வெச்சுட்டு, மிச்சத்துக்குச் சண்டை போடலாம். அதை வாங்கிக்கிட்டதால தொழிலாளியோட மிச்சக் கோரிக்கை செத்துப்போகாது. கொடுக்க வேண்டிய நாளில் இருந்து ஒரு மாசம் தாண்டினா வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லைன்னா, தொகையில 50 சதவீதம் வரைக்கும் அபராதமும் போடலாம்.

அடிக்கடி சொல்ற இன்னும் மூணு சாக்கு இருக்கு.

“ஆஸ்பத்திரி செலவு நாங்கதானே பார்த்தோம்.” மருத்துவச் செலவு வேற, இழப்பீடு வேற. வைத்தியத்துக்குக் கொடுத்த பணத்தை இழப்பீட்டுல கழிக்கக் கூடாது. 2009-ல செஞ்ச திருத்தப்படி வைத்தியச் செலவையும் முதலாளிதான் திருப்பிக் கொடுக்கணும். ஆனா வீட்டுச் செலவுக்குன்னு கொடுத்த 5,000 மாதிரியான பணத்தைக் கழிச்சுக்கலாம்.

“நீ கவனமில்லாமத்தானே கையை விட்டே.” சாதாரணக் கவனக்குறைவு காரணமாகாது. குடிச்சிருந்தது, பாதுகாப்பு விதியை வேணும்னே மீறினது, பாதுகாப்புக் கவசத்தை வேணும்னே கழட்டினது, இப்படி ரொம்பக் குறுகலான சில காரணங்களுக்குத்தான் மறுக்கலாம்.

“ஒண்ணும் கேட்கமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டியே.” இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறதா எழுதி வாங்குற ஒப்பந்தம் எதுவும் செல்லாது. பத்திரத் தாள்ல எழுதினாலும் செல்லாது.

அந்த ஒரு பொய்

இப்போ சித்தப்பாகிட்ட வருவோம். இதெல்லாம் படிச்சுட்டு தை மாசம் ஊருக்குப் போனப்போ அவரோட சம்பளச் சீட்டை எடுக்கச் சொன்னேன். பிரிட்ஜ் மேல கிடந்த பழைய சீட்டு. அதுல ஈ.எஸ்.ஐ. பிடித்தம்னு ஒரு வரி, பக்கத்துல ஒரு நம்பர். மாசாமாசம் பிடிச்சிருக்காங்க. அவர் பாதை ஒண்ணுல இருந்திருக்கார், அது அவருக்கே தெரியாது.

ஆனா ஆஸ்பத்திரி ரெக்கார்டுல ‘வீட்ல வழுக்கி விழுந்தார்’. வேலையிடத்து விபத்துப் பதிவேட்டுல அவர் பேர் இல்ல. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு ஒரு நாள்கூடப் போகலை, அதனால சான்றிதழும் இல்ல.

வீட்ல விழுந்ததுன்னா அது ஈ.எஸ்.ஐ. கணக்குல நோய் மாதிரி. அதுக்கும் பலன் உண்டு, ஆனா 70 சதவீதம்தான், வருஷத்துக்கு 91 நாள்தான், அதுவும் போதுமான நாள் சந்தா இருந்தால்தான். நம்ம கணக்குப்படி பார்த்தா 280 ரூபாய், 91 நாள், மொத்தம் 25,480. 43,200-க்கும் இதுக்கும் இடையில 17,720 ரூபாய் வித்தியாசம். அதுகூடப் பெரிசில்ல. சித்தப்பாவோட ஒரு விரல் இன்னும் முழுசா மடங்கலை. அது நிரந்தரக் குறைன்னு முடிவானா, வேலையில அடிபட்டவருக்கு வாழ்நாள் முழுக்க மாசப் பணம் வர வாய்ப்பு உண்டு. வீட்ல விழுந்தவருக்கு அந்தக் கதவே கிடையாது.

ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். “திரும்ப அங்கதானலே போகணும்”னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. சென்னையில உக்காந்துக்கிட்டு ‘உரிமையைக் கேளுங்க’ன்னு சொல்றது சுலபம். ஆனா ஈ.எஸ்.ஐ.ல பணம் கொடுக்கிறது ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன், முதலாளி பாக்கெட் இல்ல. அவர் ஏற்கெனவே சந்தா கட்டிட்டார். விபத்தை உள்ளபடி எழுதியிருந்தா அன்னைக்கு ஆஸ்பத்திரி பில்லைக்கூட அவர் கட்டியிருக்க வேண்டாம். இதை ரெண்டு பேருக்கும் யாராவது அந்த முதல் நாள்லயே சொல்லியிருக்கணும்.

இப்போ நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்திருக்கோம். கூட வேலை பார்த்த ரெண்டு பேர் பார்த்ததைச் சொல்றோம்னு ஒத்துக்கிட்டிருக்காங்க. இன்னும் முடிவு வரலை. வரலாம், வராமலும் போகலாம். ஆனா ஒண்ணு நிச்சயம். மாசியில மழை பேஞ்சா புரட்டாசியில விதைச்ச உளுந்துக்கு என்ன பிரயோஜனம்? பணம் நாளைக்கு வந்தாலும் சித்தி கட்டின வட்டி திரும்பாது. அதனாலதான் அந்தச் சட்டம் எழுதினவங்க ‘16-வது நாள்’னு தேதி போட்டு வெச்சாங்க.

வ.உ.சி. இல்லாம எப்படி?

ஓட்டப்பிடாரத்துக்காரன் வ.உ.சி. பேரைச் சொல்லாம எபிசோடை முடிச்சா ஊருக்குள்ள விடமாட்டாங்க. ஆனா இங்க காரணத்தோடதான் சொல்றேன். 1908-ல தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்னாங்க. கூலி உயர்வும் வாரவிடுமுறையும் கிடைச்சது. வாரத்துல ஒரு நாள் லீவு வேணும்ங்கிறதுக்கே அன்னைக்கு வேலைநிறுத்தம் பண்ண வேண்டியிருந்தது. அடிபட்டா பணம்னு எழுதின சட்டம் வர அதுக்கப்புறம் 15 வருஷம் ஆச்சு. அந்தச் சட்டம் அமலுக்கு வந்த 1920-கள்ல அவர் சிறையும் செக்கும் பார்த்துட்டு, வக்கீல் சன்னத்தைத் திரும்ப வாங்கி, கோவில்பட்டியில வக்கீல் தொழில் பண்ணிட்டிருந்தார். சித்தப்பா கையை விட்ட அதே ஊர்ப் பக்கம்.

முதல் நாள் என்ன செய்யணும்

இதை ஊர்ல இருக்கிற உங்க மாமா, அத்தை, அண்ணன் யாருக்காவது அனுப்புங்க.

ஒண்ணு: ஆஸ்பத்திரில உண்மையைச் சொல்லுங்க. எங்க, எத்தனை மணிக்கு, எந்த மெஷின்ல. விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்கி வெச்சுக்குங்க.

ரெண்டு: வேலையிடத்துக்கு எழுத்துல தெரிவியுங்க. ஒரு வாட்ஸ்அப் மெசேஜ், கூட ஒரு போட்டோவாவது இருக்கட்டும். தேதி நிக்கும். அங்க இருக்கிற விபத்துப் பதிவேட்டுல எழுதச் சொல்லிக் கேளுங்க.

மூணு: சம்பளச் சீட்டைப் பாருங்க. ஈ.எஸ்.ஐ. நம்பர் இருந்தா, முதலுதவி எங்க பார்த்திருந்தாலும் சீக்கிரமே ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் சான்றிதழ் வாங்கணும். சான்றிதழ் இருக்கிற நாளுக்குத்தான் பணம். முதலாளி சந்தா கட்டாம விட்டிருந்தாலும் ஓடிப்போகாதீங்க. ஈ.எஸ்.ஐ. உங்களுக்குக் கொடுத்துட்டு அவர்கிட்ட வசூல் பண்ண சட்டத்துல வழி இருக்கு.

நாலு: ஈ.எஸ்.ஐ. இல்லைன்னா 16-வது நாளைக் காலண்டர்ல வட்டம் போடுங்க. வரலைன்னா தொழிலாளர் துறையில மனு. விபத்து நடந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி கேட்க உரிமை இருக்கு. சட்டப் பணிகள் ஆணையத்தோட நம்பர் 15100.

அப்போ நமக்கு?

இதைக் கேட்டுட்டிருக்கிற பாதிப் பேர் என்னை மாதிரி லேப்டாப் ஆளுங்க. 21,000-க்கு மேல சம்பளம், அதனால ஈ.எஸ்.ஐ. கிடையாது. ரெண்டாவது பாதையோட பட்டியல்ல நம்ம மேசை வேலை பொதுவா வராது. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வருஷத்துக்கு 12 நாள் நோய் விடுப்பு. அதுக்கு மேல கம்பெனி என்ன எழுதிக் கொடுத்திருக்கோ அதுதான். நாளைக்கு நான் ஆபீஸ் மாடிப்படியில விழுந்து நாலு மாசம் படுத்தா எனக்கு என்ன வரும்னு என் ஆஃபர் லெட்டரைத் தேடினேன். ஹெல்த் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும், என் வாடகைக்குக் கொடுக்காது. அந்த விஷயத்துல, சித்தப்பாவுக்கு சட்டம் கொடுத்த 90 சதவீதம் எனக்கு இல்லை. அவருக்கு அது இருக்குன்னு தெரியலை. எனக்கு இருக்குன்னு நினைச்சுட்டிருந்தேன், இல்லை.

அதனால இன்னைக்கு வீட்டுப்பாடம் ரெண்டு. உங்க ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. ஊருக்குப் போன் போட்டு, சம்பளச் சீட்டுல ஈ.எஸ்.ஐ. வரி இருக்கான்னு கேளுங்க. சித்தப்பா இந்த எபிசோடை ரெக்கார்டு பண்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: “எம் பேரைச் சொல்லிராதலே. ஆனா அடுத்தவன் எவனும் வீட்ல விழுந்தேன்னு சொல்லாம பாத்துக்கோ.”

சொல்லிட்டேன் சித்தப்பா. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.